பரங்கிக்காய் ப்ரெட்டும் பெரம்பூர் 'கேக் சாமான் கடை'யும்

பெரம்பூர் பேப்பர் மில்ஸ் சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெரு ஒன்றில் இருக்கும் பேக்கிங் பொருள் கடைக்குப் பலகையில் வேறொரு பெயர் எழுதியிருந்தாலும், அந்த வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் 'கேக் சாமான் கடை' என்றுதான் வழி சொல்வார்கள். அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்பவர்கள். ஆகையால் கடையைப் பற்றிய பேச்செல்லாம் க்ரீம், சாக்லேட், அட்டைப்பெட்டி ஆகியவற்றைச் சுற்றியே நடக்கிறது. நான் அங்கே வாங்குவது ஈஸ்ட்டும் ப்ரெட் மாவும். அவ்விரண்டையும், அவற்றைக் கொண்டு வீட்டில் செய்யும் பரங்கிக்காய் ப்ரெட்டையும் வைத்தே இந்தக் கடையை இங்கே மதிப்பிடுகிறேன்.

பரங்கிக்காய் ப்ரெட்டை அளவுகோலாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சாதாரண ப்ரெட்டில் ஈஸ்ட் சற்றுச் சோர்ந்திருந்தாலும் கூடுதலாக அரை மணி நேரம் ஊறவிட்டுச் சமாளிக்கலாம். மாவில் புரதம் குறைவாக இருந்தாலும் தண்ணீரைக் குறைத்துப் பிசைந்து ஒப்பேற்றிவிடலாம். பரங்கிக்காய் விழுது சேர்ந்த மாவில் இந்தச் சலுகைகள் கிடையாது. அந்தக் காயின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மீதியில் நாரும் பெக்டினும் மாவுச்சத்தும் சர்க்கரையும் இருக்கின்றனவே தவிர, மாவை இழுத்துப் பிடிக்கும் குளூட்டன் துளியும் இல்லை. ஈஸ்ட் வெளிவிடும் வாயுவைத் தாங்க வேண்டிய குளூட்டன் வலையின்மேல் இவ்வளவு சுமையும் ஏறுகிறது. ஈஸ்ட்டும் மாவும் நல்ல நிலையில் இருந்தால்தான் ப்ரெட் டின்னின் விளிம்பைத் தாண்டி எழும்பும். இரண்டில் ஒன்று கைவிட்டாலும் அடியில் ஈரப்பசையாக ஒரு பட்டை படிந்து, வெட்டும்போது கத்தியில் இழுபடும். எனவே ஒரு கடையின் சரக்கு எப்படிப்பட்டது என்பதை இந்த ஒரு ப்ரெட் மறைக்காமல் காட்டிவிடுகிறது.

முதலில் ஈஸ்ட். இந்தக் கடையை நான் பரிந்துரைப்பதற்கான முக்கியக் காரணம் இதுதான். மளிகைக் கடைகளிலும் சில பெரிய அங்காடிகளிலும் ஈஸ்ட் பாக்கெட்டுகள் பேக்கிங் பவுடர் டப்பாக்களோடு சேர்ந்து, விசிறிக் காற்றுகூடப் படாத மேல்தட்டில் மாதக்கணக்கில் கிடக்கின்றன. ஈஸ்ட் என்பது உப்பைப் போலவோ சோடாவைப் போலவோ ஒரு வேதிப்பொருள் அன்று. சாக்கரோமைசஸ் செரிவிசியே என்ற நுண்ணுயிரை உலர்த்தி, ஐந்து சதவீத அளவுக்கு ஈரம் குறைத்து வைத்திருக்கிறார்கள். வெற்றிடத்தில் அடைத்த பொட்டலம் பிரிக்கப்படாதவரை குளிர்ந்த இடத்தில் இரண்டு ஆண்டுகள் வரைகூடத் தாங்கும். பிரித்த பிறகு காற்றும் ஈரமும் பட்டால் அதன் ஆயுள் வேகமாகக் குறைகிறது, அதிலும் கடற்கரையை ஒட்டிய நம் ஊர்க் காற்றில் சொல்லவே வேண்டாம். இந்தக் கடையில் ஈஸ்ட் முழுவதும் கண்ணாடிக் கதவு போட்ட குளிர்பெட்டியில் இருக்கிறது. 500 கிராம் பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பார்த்தே வாங்கலாம். பொட்டலம் செங்கல்லைப் போல இறுகியிருக்க வேண்டும். அழுத்தினால் நொறுநொறுவென்று உள்ளே துகள்கள் நகர்ந்தால் வெற்றிடம் போய்விட்டது என்று பொருள். இங்கே அப்படிப்பட்ட பொட்டலம் எதுவும் என் கைக்கு வந்ததில்லை.

மாதம் நான்கைந்து ப்ரெட் செய்யும் வீட்டுக்கு 500 கிராம் மிக அதிகம். அதற்காகவே 50 கிராம் சிறு பொட்டலங்களாகப் பிரித்துக் கட்டியும் விற்கிறார்கள். கடையை நடத்தும் அம்மையார் இதைக் கொடுக்கும்போதெல்லாம், "ஃப்ரீசர்ல வெச்சிடுங்கக்கா, வெளிய வெச்சா ஒரு மாசம்கூட நிக்காது" என்று தவறாமல் சொல்லுகிறார். விற்றோம், முடிந்தது என்று இருந்துவிடாத இந்த அக்கறைக்காகவே சிலர் தண்டையார்பேட்டையிலிருந்தும் கொளத்தூரிலிருந்தும் இங்கே வருகிறார்கள். குறை என்னவென்றால், பிரித்துக் கட்டிய பொட்டலத்தில் கட்டிய தேதி மட்டுமே எழுதியிருக்கிறது. மூலப் பொட்டலத்தின் காலாவதித் தேதியும் இல்லை. உள்ளே இருப்பது இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டா, ஆக்டிவ் ட்ரை ஈஸ்ட்டா என்பதும் இல்லை. பார்வைக்கு இன்ஸ்டன்ட் சன்னமாகவும் மற்றது சற்றுப் பருமனாகவும் இருக்கும் என்றாலும், முதல் முறை வாங்குகிறவருக்கு அந்த வேறுபாடு தெரியாது. இன்ஸ்டன்ட் வகையை மாவோடு நேரடியாகக் கலக்கலாம். ஆக்டிவ் ட்ரை வகையை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து நுரைக்கவிட்ட பிறகே சேர்க்க வேண்டும். அளவும் மாறும்: ஈரமான புது ஈஸ்ட் 10 கிராம் கேட்கும் இடத்தில் ஆக்டிவ் ட்ரை என்றால் 4 கிராம், இன்ஸ்டன்ட் என்றால் 3 கிராமுக்குச் சற்று மேல் போதும். இவ்வளவு விவரம் பொட்டலத்தில் வேண்டாம். வகையின் பெயரையாவது எழுதலாம்.

இனிப்பு மாவுக்கென்றே தனி ஈஸ்ட்டும் வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சு நிறுவனமான லெசாஃப்ரின் சாஃப் ஈஸ்ட்டில் சிவப்பு, தங்கம் என்று இரண்டு உறை வருவதைப் பார்த்திருப்பீர்கள். தங்க உறை சர்க்கரை மிகுந்த மாவுக்கானது. பரங்கிக்காய் இனிப்பானது என்ற எண்ணத்தில் கடைப் பையன் அதையே எடுத்துக் கொடுக்கிறான். அது தேவையில்லை. சர்க்கரை மாவின் எடையில் பத்து சதவீதத்தைத் தாண்டும்போதுதான் சாதாரண ஈஸ்ட் திணறத் தொடங்கும். அரை கிலோ மாவுக்கு 25 கிராம் நாட்டுச் சர்க்கரை சேர்க்கும் இந்த ப்ரெட்டுக்குச் சிவப்பு உறை வகை தாராளமாகப் போதும்.

அடுத்தது மாவு. கடையில் மூட்டையிலிருந்து நிறுத்துக் கொடுக்கும் மைதாவும், ஒரு கிலோ பையில் வரும் ப்ரெட் மாவும் கிடைக்கின்றன. இரண்டாவது, மைதாவைவிடக் கணிசமாக விலை கூடியது. வெறும் வெள்ளை ப்ரெட்டுக்கு அந்த விலை வித்தியாசம் வீண் என்று சொல்வேன். பரங்கிக்காய் ப்ரெட்டுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். நம் ஊர் மைதாவில் புரதம் பொதுவாக நூற்றுக்கு ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் இருக்கும். ப்ரெட் மாவில் பன்னிரண்டு, பதின்மூன்று. எண்ணில் இது சிறிய வித்தியாசமாகத் தெரிந்தாலும், விழுதின் பாரத்தைச் சுமக்கும்போது அது பெரிதாக வெளிப்படுகிறது. ஒரே விழுது, ஒரே ஈஸ்ட், ஒரே டின் வைத்து இரண்டு மாவிலும் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ப்ரெட் மாவில் செய்தது இரண்டு விரற்கடை உயரமாக நிற்கிறது. மைதாவில் செய்தது நடுவில் லேசாக அமுங்குகிறது. மைதாதான் கையில் இருக்கிறது என்றால் விழுதைப் பாதியாகக் குறைத்துக்கொள்வது நல்லது. முழுக்கோதுமை மாவில் செய்ய விரும்புகிறவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதைச் சேர்க்க வேண்டாம். தவிடும் பரங்கிக்காய் நாரும் சேர்ந்தால் மாவு எழும்ப வலுவிருக்காது.

மாவு வாங்கும்போதே, மாவுக்கு வலுவூட்டி ப்ரெட்டை மென்மையாக வைத்திருக்கும் 'ப்ரெட் இம்ப்ரூவர்' என்ற வெள்ளைப் பொடியையும் சேர்த்து வாங்கச் சொல்லுவார்கள். 2016 மே மாதத்தில் டெல்லியைச் சேர்ந்த அறிவியல், சுற்றுச்சூழல் மையம் கடைகளில் விற்கும் ப்ரெட், பன் வகைகளில் 38 மாதிரிகளைச் சோதித்து, அவற்றில் 84 சதவீதத்தில், மாவைப் பதப்படுத்தச் சேர்க்கும், உடல்நலத்துக்குக் கேடு என்று ஐயப்படும் பொட்டாசியம் ப்ரோமேட்டோ அயோடேட்டோ இருந்ததாக வெளியிட்ட அறிக்கை பலருக்கு நினைவிருக்கும். அடுத்த மாதமே உணவுப் பாதுகாப்பு ஆணையம் ப்ரோமேட்டை அனுமதிப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதற்குப் பிறகு இம்ப்ரூவர் என்றாலே அஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கடையில் விற்பதன் உறையில் அஸ்கார்பிக் அமிலமும் நொதிகளும் மட்டுமே குறிப்பிடப்பட்டிருப்பதால் அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பொடி என்ன வேலைக்காகச் சேர்க்கப்படுகிறதோ அந்த வேலையில் பாதியைப் பரங்கிக்காயே செய்துவிடுகிறது. அதன் நாரும் பெக்டினும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் ப்ரெட் மூன்றாம் நாளிலும் வறண்டுபோவதில்லை. இங்கே இம்ப்ரூவர் வாங்குவது வீண் செலவு.

கடையின் பெரிய குறை, மாவுப் பையோடு இலவசமாகக் கொடுக்கும் செய்முறைத் தாள். மொழி தெளிவாக இருக்கிறது, படமும் அழகாக இருக்கிறது, அளவுதான் பிழையானது. மூன்று கப் மாவுக்கு ஒரு கப் பரங்கிக்காய் விழுது, முக்கால் கப் தண்ணீர் என்று போட்டிருக்கிறார்கள். மூன்று கப் மாவு ஏறத்தாழ 380 கிராம். ஒரு கப் விழுது 240 கிராம் என்று கொண்டால் அதிலேயே 215 கிராம் தண்ணீர் இருக்கிறது. முக்கால் கப் தண்ணீர் 180. கூட்டினால் மாவின் எடையைவிடத் தண்ணீர் அதிகமாகிவிடுகிறது. அதைக் கையால் பிசையவே முடியாது, கரண்டியால் கலக்கத்தான் முடியும். அமெரிக்காவில் டப்பாவில் அடைத்து விற்கும் பரங்கி விழுது கெட்டியானது. மேல்நாட்டுச் செய்முறைகள் அதையோ, பட்டர்நட், கபோச்சா போன்ற சதைப்பற்று மிகுந்த வகைகளையோ மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் காயை வேகவைத்து மசித்தால் அது வேறு பொருள். கடைக்காரர்கள் தாளை அச்சடிப்பதற்கு முன் ஒரு முறையாவது அதன்படி செய்து பார்த்திருக்கலாம்.

அந்தத் தாளுக்குப் பதிலாக நான் கடைப்பிடிக்கும் அளவை எழுதிவிடுகிறேன். ப்ரெட் மாவு 500 கிராம், பரங்கிக்காய் விழுது 200 கிராம், தண்ணீர் 140 மில்லி, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம், உப்பு 10 கிராம், நாட்டுச் சர்க்கரை 25 கிராம், வெண்ணெய் 30 கிராம். விழுதிலுள்ள தண்ணீரையும் கணக்கில் எடுத்தால் மாவுக்கு 64 சதவீதம் ஈரம் வருகிறது; கையாலேயே பிசைய ஏற்ற பதம் அது. ஐந்து கிராமையும் பத்து கிராமையும் கண்ணளவில் போட வேண்டாம். கடையில் விற்கும் சிறிய எடைமெஷின் ஒரு கிராம் வரை சரியாகக் காட்டுகிறது, விலையும் நியாயமானது.

காயை இந்தக் கடையில் வாங்க முடியாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பெரம்பூர் மார்க்கெட்டிலேயே முழுக்காயாகவும் பத்தை போட்டும் கிடைக்கிறது. பத்தையாக வாங்குவதே நல்லது, உள்நிறத்தைப் பார்க்க முடியும். சதை அடர்ந்த ஆரஞ்சு நிறத்தில், விரலால் அழுத்தினால் ஈரம் கசியாததாக இருக்க வேண்டும். பச்சைத் தோலும் வெளிர் மஞ்சள் சதையுமாக இருக்கும் இளங்காய் கூட்டுக்கு நன்றாக இருக்கும், ப்ரெட்டுக்கு ஆகாது. குக்கரில் வேகவைத்தால் காய் மேலும் தண்ணீரைக் குடிக்கும். ஆவியில் வேகவைத்தால் அது குறையும். துண்டுகளாக்கி அவன் அடுப்பில் 200 டிகிரியில் சுட்டு எடுத்தால்தான் தண்ணீர் வற்றி இனிப்பு கூடும். அவனை இரண்டு முறை சூடாக்க மனமில்லாதவர்கள் வெந்த காயை மசித்து, வாணலியில் சிறு தீயில் ஐந்தாறு நிமிடம் கிளறி வற்ற வைக்கலாம். விழுது முழுவதும் ஆறிய பிறகே மாவில் சேர்க்க வேண்டும், ஏனென்றால் 55 டிகிரியைத் தாண்டிய சூட்டில் ஈஸ்ட் செத்துவிடும். பட்டைத்தூள் சேர்க்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ள வேண்டும். மேல்நாட்டில் பரங்கிக்காய் இனிப்புகளுக்கு அது வழக்கமானாலும், பட்டையிலுள்ள எண்ணெய் ஈஸ்ட்டின் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. நான் பொடித்த சோம்பும் சிறிது மிளகும் போடுகிறேன்.

பிசையும்போது முதல் ஐந்து நிமிடம் மாவு கையெல்லாம் ஒட்டும். அப்போது உலர்ந்த மாவைத் தூவுவதுதான் எல்லோருக்கும் தோன்றும். தூவாமல், மூடிவைத்து இருபது நிமிடம் விட்டுவிட்டுத் திரும்பி வந்தால் மாவு தானே ஈரத்தை உள்வாங்கிச் சீராகியிருக்கும். வெண்ணெயை அதன் பிறகு சேர்த்துப் பத்து நிமிடம் பிசைந்தால் போதும். ஒரு துண்டை எடுத்து விரல்களுக்கிடையே விரித்தால் கிழியாமல் வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெலிய வேண்டும்.

செய்முறைத் தாளில் 'ஒன்றரை மணி நேரம் வெதுவெதுப்பான இடத்தில் வைக்கவும்' என்று இருப்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சித்திரை, வைகாசியில் நம் சமையலறைக்குள் வெப்பம் 33, 34 டிகிரிக்குக் குறையாமல் இருக்கும். அந்தச் சூட்டில் மாவு ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இரு மடங்காகிவிடும். ஒன்றரை மணி நேரம் விட்டால் புளித்து, சாராய வாடை வந்து, அவனில் வைத்ததும் அமுங்கிப்போகும். கோடையில் ஈஸ்ட்டை 4 கிராமாகக் குறைத்து, விழுதையும் தண்ணீரையும் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து நேராகச் சேர்க்கிறேன். பிசைந்து முடிக்கும்போது மாவு 26, 27 டிகிரியில் இருந்தால் எல்லாம் நம் கட்டுக்குள் இருக்கும். மார்கழியில் மட்டும்தான் அந்த ஒன்றரை மணி நேரம் பொருந்துகிறது. எப்படியானாலும் கடிகாரத்தைவிட மாவை நம்புவது மேல். விரலால் குத்தினால் குழி மெதுவாக, பாதி மட்டும் மேலெழும்ப வேண்டும்.

டின்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 400 கிராம், 800 கிராம் என்று எடைக்கணக்கில் அலுமினிய டின்கள் இருக்கின்றன. மேலே சொன்ன அளவுக்கு மொத்த மாவு 900 கிராமுக்குச் சற்று மேல் வரும். 800 கிராம் டின்னில் போட்டு, மீதியை இரண்டு சிறிய பன்னாக உருட்டிக்கொள்ளலாம். பூச்சுப் போட்ட கறுப்பு டின்கள் பார்க்க நன்றாக இருந்தாலும் அடிப்பகுதியைச் சீக்கிரம் கருக்கிவிடுகின்றன. அதே தட்டில் தொங்கும் குத்தும் வகை டிஜிட்டல் தெர்மாமீட்டரை மட்டும் தவறவிட வேண்டாம். பரங்கிக்காயிலுள்ள சர்க்கரையால் மேற்புறம் இருபது நிமிடத்திலேயே நிறம் பிடித்துவிடுகிறது, உள்ளே வெந்திருக்காது. 190 டிகிரியில் முப்பத்தைந்து நிமிடத்திலிருந்து நாற்பது நிமிடம் ஆகும். இடையில் மேலே அலுமினியத் தாளை மூடிவிட்டு, நடுப்பகுதி 94 டிகிரியைத் தொட்ட பிறகே எடுக்க வேண்டும். ஓடிஜி என்ற சிறிய மின்சார அவன் அடுப்புகளும் விற்கிறார்கள். ஆனால் மின்சாதனக் கடைகளில் இருக்கும் வகைகளோ விலையோ இங்கே இல்லை.

இந்தச் சரக்கைக் கொண்டு செய்த ப்ரெட், வெட்டும்போது மாம்பழ நிறத்தில், நெருக்கமான சிறு துளைகளோடு, பருத்தித் துணி கிழிவதுபோல இழை இழையாகப் பிரிகிறது. பரங்கிக்காயின் சுவை முன்னால் வந்து நிற்பதில்லை. இலேசான இனிப்பும் வெண்ணெயின் மணமும்தான் தெரிகின்றன. பரங்கிக்காய் என்றாலே தட்டை நகர்த்திவிடும் பிள்ளைகள்கூட இதைச் சாப்பிடுகிறார்கள். ஜாமைவிட இதற்குக் காரம்தான் பொருத்தம். காசிமேட்டிலிருந்து வந்த மீனில் வைத்த குழம்பின் மறுநாள் மிச்சத்தோடு, தோசைக்கல்லில் நெய் தடவி வாட்டிய இரண்டு துண்டு இருந்தால் காலை உணவுக்கு வேறெதுவும் வேண்டியதில்லை. சூடாக வெட்டும் அவசரத்தை மட்டும் கட்டுப்படுத்த வேண்டும். ஒரு மணி நேரமாவது ஆறினால்தான் உட்புறம் இறுகும்.

கடையின் மற்ற நடைமுறைகள்: இடம் நெருக்கடியானது, இருவர் நின்றால் மூன்றாமவர் வாசற்படியில்தான் நிற்க வேண்டும். மாலையில் கேக் ஆர்டர்காரர்கள் குவிவதால் ஈஸ்ட், மாவு பற்றி நிதானமாகக் கேட்டு வாங்க விரும்புகிறவர்கள் முற்பகலில் போவது நல்லது. ஜிபே உண்டு. வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் வசதி இல்லை. ஈஸ்ட் வெயிலில் அலையக் கூடாது என்று அவர்கள் சொல்லும் காரணத்தை நான் ஏற்கிறேன். பேருந்தில் வருகிறவர்கள் வாங்கிய பொட்டலத்தை ஒரு சிறிய ஐஸ் பையோடு சுற்றிக் கேட்டால் தயங்காமல் சுற்றித் தருகிறார்கள்.

ஈஸ்ட், ப்ரெட் மாவு, எடைமெஷின், தெர்மாமீட்டர் ஆகிய நான்குக்கும் வடசென்னையில் தயங்காமல் போகக்கூடிய கடை இது. இம்ப்ரூவர், கறுப்பு டின், செய்முறைத் தாள் ஆகியவற்றைக் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். பிரித்துக் கட்டிய ஈஸ்ட்டில் வகையையும் காலாவதித் தேதியையும் எழுதத் தொடங்கினால் மீதி ஒன்றையும் கொடுத்துவிடலாம். பெரம்பூரின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் புனித வெள்ளிக்குச் சிலுவைக் குறியிட்ட பன் செய்யும் வழக்கம் இருப்பதால், அதற்கு முந்தைய வாரம் சிறு பொட்டல ஈஸ்ட் முழுவதும் தீர்ந்துவிடுகிறது. அந்த நாட்களில் போகிறவர்கள் முன்னதாகவே போனில் சொல்லிவைத்தால் ஒரு பொட்டலம் எடுத்து வைக்கிறார்கள்.